பாய்மரத்தில் ஏறிய எறும்புகள்

அத்தியாயம் 6

அன்று காலை சிங்காநல்லூர்க் குளத்தங்கரைப் படகுக் கொட்டகையில் இருந்தவர்கள் இன்னார்: மில் முதலாளி கோவிந்தராஜுலு நாயுடு. அவர் மனைவி வெங்கடலட்சுமி. அவர்களுடைய ஒரே மகனும், மில்லில் நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் பகுதிக்குப் பொறுப்பாளருமான சென்னகேசவன். துப்பறியும் நஞ்சுண்டன். அவருடைய உதவியாள் பாலுசாமி. கொட்டகைக்கு வெளியே, கம்பி வேலிக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு சோற்றுத் தூக்குப்போசியுடன், பஷீரின் மனைவி சாஜிதா பேகம் நின்றுகொண்டிருந்தாள். அவளை யாரும் அழைக்கவில்லை. ஆனாலும் இருந்தவர்களைச் சொல்லும்போது அவளை விட்டுவிடுவது முறையாகாது.

இருந்திருக்க வேண்டியவன் பாலகோபால். நாயுடுவின் காலஞ்சென்ற தம்பி கோபாலசாமியின் மகன். தகப்பன் போனபின் நாயுடுவின் வீட்டிலேயே வளர்ந்தவன். போன ஞாயிற்றுக்கிழமை, மில் குடும்பங்கள் வருடா வருடம் நடத்தும் படகுப் பந்தயத்தில், நட்ட நடுக்குளத்தில் பாய்மரம் ஒடிந்து விழுந்து செத்துப்போனான்.

அந்தப் பாய்மரம் இப்போது கொட்டகை நடுவில், முக்காலிகளின் மேல், இரண்டு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் பாயின் அடிவிளிம்பைக் கட்டுகிற குறுக்குக்கட்டை. அது ஒடியவில்லை. பையனின் பின்னந்தலையில் அடித்தது அதுதான்.

நாயுடு கைத்தடியைத் தரையில் ஊன்றாமல் கையில் பிடித்தபடி நிமிர்ந்து நின்றார். அதை ஊன்றி நிற்பதை அவர் தம் வீட்டு ஆட்களுக்குக்கூடக் காட்டியதில்லை.

"கவுண்டரே, உங்களை நான் புதுசா எதையும் கண்டுபிடிக்கறதுக்குக் கூப்பிடலைங்க," என்றார். "குத்தவாளி யாருன்னு போலீசுக்குத் தெரியும். பாலிஷ்காரன் பஷீர். பாய்க் கம்பத்துல விரிசல் இருந்திருக்குது. அதைச் சொல்லாம, மக்கு வெச்சு அடைச்சு, மேல வார்னிஷ் அடிச்சு மறைச்சுப்போட்டான். புகார் குடுத்தது நாந்தான். மத்தியானம் கோர்ட்டுக்குக் கொண்டுபோறாங்க. எனக்கு வேண்டியது ஒண்ணே ஒண்ணு. கேஸ் நிக்கோணும். ஊர் வாயை மூடோணும்."

"ஊர் என்ன சொல்லுதுங்க?" என்று கேட்டார் நஞ்சுண்டன்.

பாலுசாமி சொன்னான்.

"பங்கு பிரிக்கறதுக்கு முன்னாடியே தம்பி மகன் போயிட்டாரு, இனி முழுசும் அண்ணன் மகனுக்குத்தான்னு சொல்லுதுங்ணா. வர்ற வழியில டீக்கடையில கேட்டேன். பேச்சு நல்லாச் சூடா இருந்துச்சு. டீ தான் ஆறிப்போயிருந்துச்சு."

சென்னகேசவன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் இடதுகை கட்டுப் போட்டுக் கழுத்திலிருந்து தொங்கியது. அவனும் அன்று அந்தப் படகில் இருந்தவன்தான். இந்த மாதிரி ஆளையெல்லாம் வீட்டுச் சமாச்சாரத்தில் நுழைய விட்டோமே என்று நாயுடுவுக்கு ஆத்திரமாக வந்தது. இந்த நஞ்சுண்டனும்தான் என்ன ஆள்? அந்தியூர்ப் பக்கத்துக்காரர், போலீஸ் வேலையை உதறிவிட்டுக் காந்திபுரத்தில் ஒரு லாட்ஜ் மாடியில் போர்டு மாட்டியிருக்கிறார். வந்ததிலிருந்து மரத்தைப் பார்க்காமல் முக்காலியின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"எங்க அண்ணன் அப்படித்தானுங்க," என்றான் பாலுசாமி, நாயுடுவின் முகத்தைப் படித்தவன்போல. "அந்தியூர்ச் சந்தைக்குக் குதிரை வாங்கப் போனாலும் பல்லைப் பார்க்க மாட்டாரு. லாடத்தைப் பார்ப்பாரு."

"பாலு, வாயைக் கொஞ்சம் மூடு. ஏனுங்க, இந்தக் கம்பத்தை எப்படிப் பராமரிப்பீங்க?"

அது நாயுடு சொல்ல விரும்பிய விஷயம். அவருடைய முதுகு இன்னும் கொஞ்சம் நிமிர்ந்தது.

அந்தப் படகு கோபாலசாமி வாங்கியது. ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்காரத் தோட்ட மானேஜரிடமிருந்து வாங்கி, மலையிலிருந்து லாரியில் கட்டி இறக்கிக்கொண்டு வந்தார். தம்பி போனபிறகு அந்தப் படகுதான் தம்பி. மற்ற மில்காரர்கள் தங்கள் படகுகளை மழையிலும் வெயிலிலும் கரையில் கவிழ்த்துப் போட்டிருந்தார்கள். நாயுடு வீட்டில் அப்படிக் கிடையாது. ஒவ்வொரு வருடமும் பாய்மரத்தையும் குறுக்குக்கட்டையையும் கழற்றிக் கொட்டகைக்குக் கொண்டுவருவார்கள். நல்ல தண்ணீரில் அழுக்குப் போகக் கழுவி, நிழலிலேயே காயவைப்பார்கள். பித்தளை வளையங்களைப் புளி போட்டுத் தேய்ப்பார்கள். பிறகு பஷீர் வருவான். பழைய வார்னிஷ் உரிந்த இடங்களை உப்புத்தாள் போட்டு இழைப்பான். மரம் குடிக்கிற அளவுக்கு ஆளிவிதை எண்ணெய் விடுவான். அதன்மேல் வார்னிஷ், அது காய்ந்ததும் மறுபடி மெல்லத் தேய்த்து இன்னொரு வார்னிஷ் என்று, முகம் பார்க்கலாம் போல் ஆகிறவரை பூசுவான். கடைசியில் மில் துணியைச் சுற்றி, ஈரம் உள்ளே தங்காமல் இரண்டு முனையையும் திறந்து வைப்பான். நாயுடு நாற்காலி போட்டு உட்கார்ந்து இதையெல்லாம் பார்ப்பது வழக்கம். இந்த வருடம் மில்லில் கூலித் தகராறு. உட்கார முடியவில்லை. அதனால்தான் பஷீர் ஏமாற்றிவிட்டான் என்று அவர் நம்பினார்.

"பஷீர் வேலையை எப்போ முடிச்சானுங்க?"

"ஆயுத பூஜைக்கு முன்னாடி. பூஜையன்னிக்கு வந்தான். பொரிகடலையும் வேட்டியும் வாங்கிக்கிட்டுப் போனான்."

"அப்புறம் வந்தானுங்களா?"

"எப்படி வருவான்?" நாயுடுவின் குரல் உயர்ந்தது. "பூஜை வெச்ச ஆயுதம் கவுண்டரே! எங்க வீட்டுல அதுக்கு ஒரு முறை இருக்குது. பொட்டு வெச்சு, படையல் போட்டு, கதவைச் சாத்திச் சாவியை நானே கையில எடுத்துட்டுப் போய்ச் சாமி ரூம்ல வெச்சேன். பந்தயத்தன்னிக்குக் காலையில நானேதான் எடுத்துத் திறந்தேன். நடுவுல எங்க வீட்டாரைத் தவிர ஒரு ஈ காக்கா உள்ளே வந்திருக்க முடியாது."

"எறும்பு மட்டும் வந்திருக்குதுங்க," என்றான் பாலுசாமி.

அவன் குந்தி உட்கார்ந்து முக்காலியின் காலைச் சுட்டிக்காட்டினான். கறுப்பெறும்புச் சாரை ஒன்று தரையிலிருந்து காலில் ஏறி, ஒடிந்த மரத்தின் வாய்க்குள் போய்க்கொண்டிருந்தது. போன எறும்புகள் வாயில் வெள்ளையாக எதையோ கவ்விக்கொண்டு திரும்பின.

"ஏனுங்ணா, இந்தக் கம்பம் தித்திக்குமுங்களா? வார்னிஷ் திங்கற எறும்பை நான் பார்த்ததே இல்லை."

நஞ்சுண்டன் அலமாரிப் பக்கம் போனார். பஷீரின் சாமான்கள் அங்கே இருந்தன. உப்புத்தாள், காய்ந்த பிரஷ், மூடி கழன்ற ஒரு மக்கு டப்பா. அதை எடுத்துவந்து எறும்புச் சாரையின் வழியிலேயே வைத்தார். சாரை அதைச் சுற்றிக்கொண்டு போனது. ஒரு எறும்பும் திரும்பிப் பார்க்கவில்லை.

"இது பஷீர் மக்கு," என்றார். "சீமைச்சுண்ணாம்பும் எண்ணெயும் குழைச்சது. இதுல எறும்புக்கு ஒண்ணுமில்லை. இப்ப அதைப் பார்ப்போம்."

அவர் பேனாக்கத்தியின் முனையை மரத்தின் வெடிப்புக்குள் விட்டு நெம்பினார். ஈரம் காயாத ஒரு வெள்ளைக் கட்டி வந்தது. அதில் பஞ்சு இழையோடியிருந்தது. அதை மூக்கருகே கொண்டுபோனார். பிறகு, நாயுடுவின் மனைவி முகத்தைச் சுளிக்க, நாக்கு நுனியில் வைத்துப் பார்த்தார்.

"அண்ணா காலையில டிபன் சாப்பிடலைங்க," என்றான் பாலுசாமி.

"புளிச்ச கஞ்சி," என்றார் நஞ்சுண்டன். "பஞ்சைத் திணிச்சு, மேல கஞ்சிப்பசை ஊத்தியிருக்குது. காய்ஞ்சா கல்லு மாதிரி நிக்கும். தண்ணி பட்டா கூழ். பந்தயத்தன்னிக்குத் தூறல் போட்டுச்சு இல்லீங்களா?"

அந்த வாசனை நாயுடுவை எட்டியது. அவர் அதை வாழ்நாள் முழுக்க முகர்ந்தவர். மில்லில் பாவு நூல் அறுந்துபோகாமலிருக்கப் போடுகிற கஞ்சி. மரவேலை தெரிந்தவன் எவனும் மரத்துக்கு அதை வைக்கமாட்டான். நூலையே பார்த்து வளர்ந்தவனுக்குத்தான் அது தோன்றும். எதை ஒட்ட வேண்டுமென்றாலும் சைசிங்கிலிருந்து ஒரு கிண்ணம் கஞ்சி எடுத்துவருவது அவர் வீட்டுப் பழக்கம். பிள்ளைகள் கிழிந்த புத்தகத்தைக்கூட அதில்தான் ஒட்டினார்கள்.

அவர் மகனைப் பார்க்கவில்லை. பார்க்காமலிருக்க அவருக்குக் கழுத்தெல்லாம் வலித்தது.

"பஷீரே மில்லுல வாங்கி வெச்சிருப்பான்," என்றார்.

"இருக்கலாமுங்க." நஞ்சுண்டன் மரத்தின் மேல்துண்டைத் திருப்பினார். "அம்மா, ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சது நீங்களுங்களா?"

வெங்கடலட்சுமி இதுவரை ஒரு வார்த்தையும் பேசாதவள். "நாந்தானுங்க," என்றாள்.

"இதுலயும், குறுக்குக்கட்டையிலயும்?"

"ரெண்டுலயும்."

"குறுக்குக்கட்டையில பொட்டைக் காணமுங்களே."

"கொளத்துத் தண்ணியில கரைஞ்சிருக்கும்," என்றார் நாயுடு எரிச்சலோடு. "ரெண்டும் சாயங்காலம் வரைக்கும் தண்ணியிலதான் கிடந்துச்சு."

"அதைத்தானுங்க நானும் நினைச்சேன். ரெண்டும் ஒரே தண்ணியில கிடந்துச்சு. அப்புறம் இது மட்டும் ஏனுங்க கரையலை?"

பாய்மரம் நிமிர்ந்து நின்றால் ஆள் உயரத்துக்குச் சற்று மேலே வரும் இடத்தில், ஒடிந்த வாய்க்குப் பக்கத்தில், சந்தனத்தின் நடுவே குங்குமப் பொட்டு சிவப்பாக, இன்று காலை வைத்ததுபோல் இருந்தது. நஞ்சுண்டன் கைக்குட்டையை நனைத்து அதன்மேல் அழுத்தித் தேய்த்தார். கைக்குட்டையை விரித்து நாயுடுவின் முன் நீட்டினார். வெள்ளைத் துணி வெள்ளையாகவே இருந்தது.

பொட்டு வார்னிஷுக்குக் கீழே இருந்தது.

யாரும் அதை விளக்க வேண்டியிருக்கவில்லை. பஷீர் வார்னிஷ் அடித்தது பூஜைக்கு முன்னால். பொட்டு வைத்தது அதற்குப் பிறகு. பொட்டுக்கு மேலே வார்னிஷ் இருந்தால் அது பூஜைக்கும் பின்னால் அடித்தது. பூஜைக்குப் பின்னால் இந்தக் கதவைத் திறக்கக்கூடியவர்கள் யார் என்பதை நாயுடுவே, நெஞ்சை நிமிர்த்தி, கொஞ்ச நேரத்துக்கு முன்னால் சொல்லியிருந்தார்.

"போதும் கவுண்டரே," என்றார் நாயுடு. தம் குரல் தமக்கே வேறு யாருடையதோபோல் கேட்டது. "உங்க வேலை முடிஞ்சுது. என் கார் உங்களைக் காந்திபுரத்துல விட்டுப்போட்டு வரும்."

"என்னைக் காந்திபுரத்துல விட்டுடலாமுங்க," என்றார் நஞ்சுண்டன். "மத்தியானம் கோர்ட்டுக்குப் போற மனுஷனை எங்கே விடறதுங்க?"

வெளியே வேலிக் கம்பி லேசாக அசைந்தது. சாஜிதா பேகம் அதைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நாயுடு மகன் பக்கம் திரும்பினார்.

"சென்னா. கஞ்சி உன் செக்ஷன்ல இருந்துதான் வந்துச்சா?"

"ஆமாங்க நைனா."

"யார் எடுத்தது?"

"பாலகோபால் கேட்டான். ஒரு வாளி. பந்தயத்துக்குக் காகிதத் தோரணம் ஒட்டோணும்னு சொன்னான். குடுத்தேன்."

பாலுசாமி கொட்டகையின் நான்கு மூலைகளையும் நிதானமாகப் பார்த்தான். "தோரணத்தைத்தான் காணமுங்க."

"செத்தவன் மேல பழியைப் போடறியா?" நாயுடுவின் கைத்தடி மேலே எழுந்தது. "வாயில்லாதவன் மேல? உன் சித்தப்பன் மகன் மேல?"

"நைனா, சாமி சத்தியமா..."

"சாமியை இழுக்காதே!"

அடி விழவில்லை. தடி அந்தரத்தில் நின்றது. அந்தக் கணத்தில் கோவிந்தராஜுலு நாயுடு தம் மனசுக்குள் ஒரு முடிவு எடுத்தார். ஊர் சொன்னது உண்மை. தாம் பெற்ற மகன் தம்பியின் வம்சத்தை அறுத்துவிட்டான். இருக்கட்டும். அதற்கான தண்டனையை வீட்டுக்குள்ளேயே கொடுத்துக்கொள்ளலாம். பஷீர் ஒரு பாலிஷ்காரன். ஜெயிலுக்குப் போனால் திரும்பி வருவான். இந்த வீட்டின் பேர் போனால் திரும்பி வராது. அதை அவர் இவ்வளவு தெளிவாகத்தான் நினைத்தார். நினைத்தபோது அவருக்கு வெட்கம்கூட வரவில்லை. அது பிற்பாடுதான் வந்தது.

"அவசரப்படாதீங்க," என்றார் நஞ்சுண்டன். "ஒண்ணு யோசிங்க. கம்பம் ஒடியோணும்னு நினைக்கறவன் விரிசலை ஏனுங்க அடைக்கோணும்? அப்படியே விட்டாப் போதாதா? இது கொல்லறதுக்குப் பண்ணின வேலை இல்லீங்க. பயந்துபோய்ப் பண்ணின வேலை. இன்னும் ஒண்ணு. இங்கே வந்து பாருங்க. வார்னிஷ் அடிக்கறதுக்கு முன்னாடி உப்புத்தாள் போட்டுத் தேய்ச்சிருக்குது. ஆனாப் பொட்டுக்கிட்ட வந்ததும் சுத்தி வட்டமா விட்டுப்போட்டுத் தேய்ச்சிருக்குது. அதுமேல வார்னிஷை விட்டப்பவும் பிரஷ்ஷைக் கோழியிறகு மாதிரித் தடவியிருக்குது. அழிச்சுப்போட்டு அடிச்சிருந்தா எனக்கு ஒரு மண்ணும் தெரிஞ்சிருக்காது. அந்தப் பொட்டை அழிக்க மனசு வராத கை எதுன்னுதான் நான் பார்க்கறேன்."

"நாந்தான் அழிக்க வேண்டாம்னேன்," என்றாள் வெங்கடலட்சுமி.

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். அவள் பார்த்தது பொட்டை.

"பூஜையன்னிக்கு மத்தியானம் நீங்க மில்லு பூஜைக்குப் போயிருந்தீங்க. பாலகோபால் சாமி ரூம்ல இருந்து சாவியை எடுத்துட்டுப் போய், கம்பத்தை மாட்டிப் படகை எறக்கியிருக்கிறான். ஒரு சுத்து சுத்திப் பார்க்கலாம்னு. காத்து அடிச்சுத் தள்ளி, அக்கரையில வேலமரத்துக் கிளையில கம்பம் மாட்டி மளார்னு சத்தம். நனைஞ்ச துணியோட சமையக்கட்டுப் பக்கமா வந்து நின்னான். பூஜை வெச்ச அன்னிக்கே ஆயுதத்தைத் தொட்டுப்போட்டேன் பெரியம்மா, பெரியப்பா என்னைக் கொன்னு போட்டுருவாருன்னான்."

"நான் கொல்லுவேன்னா சொன்னான்?"

"அப்படித்தான் சொன்னான்." அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "பஷீர் பாயைக் கூப்பிட்டுக் காட்டுடா கண்ணுன்னேன். பாய் நல்லவரு, அதனாலதான் வேண்டாம், அவரு பெரியப்பாகிட்ட மறைக்க மாட்டாருன்னான். அப்புறம் அவனே என்னென்னமோ பண்ணினான். அதுக்கு மறுபடி சாவியை நாந்தான் எடுத்துக் குடுத்தேன். பொட்டை மட்டும் அழிச்சுப்போடாதே, நீ நல்லபடியா எறங்கோணும்னு வேண்டிக்கிட்டு வெச்சதுன்னேன். சரீங்க பெரியம்மான்னான்."

கொட்டகைக்குள் குளத்துக் காற்று வந்து போனது. எறும்புகள் தம்பாட்டுக்கு ஏறி இறங்கிக்கொண்டிருந்தன.

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே," என்றார் நாயுடு.

"உங்ககிட்ட எதை, எப்போ, யாரால சொல்ல முடிஞ்சுது?"

அவளும் அவரும் குடும்பம் நடத்திய இத்தனை காலத்தில் அந்த மாதிரி ஒரு கேள்வியை அவள் கேட்டதில்லை. அதுவும் வெளியாட்கள் முன்னிலையில். நாயுடு வாயைத் திறந்தார். ஆனால் அவள் முடிக்கவில்லை.

"பந்தயத்தன்னிக்குச் சொன்னான். கரையில, எல்லாரும் இருக்கறப்ப. நீங்களும்தான் கேட்டீங்க."

கேட்டார். அது அவருக்கு இப்போது எழுத்துக்கு எழுத்து ஞாபகம் வந்தது. ஷாமியானா. வரிசையாக நாற்காலிகள். மற்ற மில் முதலாளிகள், அவர்கள் வீட்டுப் பெண்கள். பாலகோபால் நாற்காலிக்குப் பக்கத்தில் குனிந்து மெல்லச் சொன்னான்: "பெரியப்பா, காத்து சரியில்லீங்க. இந்த வருஷம் நம்ம படகு வேண்டாமே." அவன் முகம் வெளுத்திருந்தது. நாயுடு அதைப் பயம் என்று நினைத்தார். பயம்தான். எதைப் பற்றிய பயம் என்று அவர் கேட்கவில்லை. அவன் மெல்லச் சொன்னதற்கு அவர் உரக்கப் பதில் சொன்னார், நாலு பேர் காதில் விழவேண்டும் என்றே சொன்னார்:

"கோபாலசாமி மகன் காத்துக்குப் பயந்தவன்னு பேர் வாங்கப் போறியா? ஏறு. இல்லாட்டி எங்க வீட்டுப் பேரைச் சொல்லிக்காதே."

பக்கத்து நாற்காலிகளில் சிரித்தார்கள். பையனும் ஒரு சிரிப்பை வரவழைத்துக்கொண்டு படகை நோக்கி நடந்தான்.

"நைனா," என்றான் சென்னகேசவன். அவன் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது, துடைக்கவில்லை. "கம்பத்துக்கிட்ட உக்கார்றது எப்பவும் நாந்தான். அன்னிக்கு அவன் என்னைப் பின்னால போய்ச் சுக்கானைப் புடிக்கச் சொன்னான். ஏன்டான்னு கேட்டதுக்கு, சும்மா போடா அண்ணான்னான். கிளம்பினதுல இருந்து ஒரு கையைக் கம்பத்து மேலயே வெச்சுக்கிட்டு வந்தான். தடவிக் குடுக்கற மாதிரி. நான் அவனைக் கிண்டல் பண்ணினேன்."

நாயுடு கைத்தடியைக் கீழே இறக்கினார். அது தரையைத் தொட்டது. அவர் அதை ஊன்றி நின்றார்.

நஞ்சுண்டன் கைக்குட்டையை மடித்துப் பையில் வைத்தார். "பஷீர் இல்லைன்னு நான் எழுதித் தந்துடறேனுங்க. பொட்டு ஒண்ணே போதும், கேஸ் நிக்காது. மீதியை யாரும் கேக்கப் போறதில்லை. அது உங்க வீட்டு விஷயம்."

அது கருணையோடு சொன்ன வார்த்தை என்பது நாயுடுவுக்குப் புரிந்தது. காலையில் யாராவது அப்படிச் சொல்லியிருந்தால் அவர் பிடித்துக்கொண்டிருப்பார். இப்போது அது அவருக்குக் கசந்தது. மீதியைச் சொல்லாமல் விட்டால் டீக்கடை சொல்லும். சென்னகேசவன் சாகிறவரை சித்தப்பன் மகனைக் கொன்றவனாகத் தெருவில் நடப்பான். சொன்னாலோ, செத்துப்போன பிள்ளை திருட்டுத்தனம் செய்தவன் ஆவான், அவனைக் கரையிலிருந்து தள்ளியவர் பெரியப்பன் ஆவார். இரண்டு பக்கத்திலும் வீட்டின் பேர் இருந்தது. எந்தப் பக்கமும் அது முழுதாக இல்லை.

"வண்டியை எடுக்கச் சொல்லு," என்றார் மகனிடம்.

வேலிக்கருகில் அவர் நின்றார். சாஜிதா பேகம் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். காலையில் அவள் கேட்டதெல்லாம் ஒன்றுதான்: புருஷனுக்கு ஒரு வாய் சோறு கொடுக்க விடச் சொல்லுங்கள் என்று. நாயுடு அப்போது காதில் விழாததுபோல் உள்ளே போயிருந்தார்.

"ஸ்டேஷனுக்குத்தான் போறேன்," என்றார். கார்க் கதவைத் திறந்து பிடித்தார். "ஏறு."

சொன்னபிறகுதான் அந்த வார்த்தை அவர் காதில் விழுந்தது. கை கதவிலேயே நின்றுவிட்டது.

"நான் நடந்தே வந்துடறேனுங்க," என்றாள் சாஜிதா பேகம்.

வண்டி நகர்ந்தது. பின் சீட்டில் பாலுசாமி ஏதோ சொல்ல வாயெடுத்தான். நஞ்சுண்டன் அவன் தொடையில் கை வைத்தார்.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். நாயுடு உட்காரவில்லை. முழுவதையும் நின்றபடியே சொன்னார், கஞ்சியிலிருந்து பொட்டு வரை. இன்ஸ்பெக்டர் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தணிந்த குரலில், "தற்செயலா நடந்த விபத்துன்னு எழுதிக்கலாமுங்க. பெரிய வீட்டுப் பேரு. எதுக்குங்க?" என்றார்.

"பேனாவைத் திறங்க," என்றார் நாயுடு. "கம்பத்தை ஒடைச்சது என் தம்பி மகன். எனக்குப் பயந்து மறைச்சதும் அவன். ஏற மாட்டேன்னவனை ஏத்தி அனுப்பினது நான். பஷீர் மேல பொய்யாப் புகார் குடுத்ததும் நான். இதுல ஒரு வார்த்தை குறைஞ்சாலும் நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து பஷீரைக் கூட்டிவந்தார்கள். சட்டையில் பித்தான் இல்லை. ஒரு கண் வீங்கியிருந்தது. வாசலில் சாஜிதா பேகம் அப்போதுதான் வந்து சேர்ந்திருந்தாள்.

மில் வாசலிலும் டீக்கடையிலும் இன்றுவரை ஒரு கதை சொல்கிறார்கள். நாயுடு பஷீரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார், பஷீர் கண்ணீர் விட்டு மன்னித்தார், அடுத்த வருடப் பந்தயத்துக்குப் புதுப் பாய்மரத்துக்கு அவரே வந்து வார்னிஷ் அடித்துக் கொடுத்தார் என்று.

அது பொய். பஷீர் நாயுடுவின் பக்கம் திரும்பவேயில்லை. மனைவியின் கையிலிருந்த தூக்குப்போசியை வாங்கிக்கொண்டு நடந்தார். அந்தப் படகுக்கு அப்புறம் யாரும் பாய்மரம் போடவில்லை.